பத்து ஆண்டில் பதினாறு வயது

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ, கால்வே மாவட்டங்களின் விவசாயக் குடும்பங்களைத் தேடுபவர், 1901 மக்கள்தொகைக் கணக்கேட்டையும் 1911 கணக்கேட்டையும் அருகருகே வைத்தால் முதலில் திகைப்பது வயதைப் பார்த்துத்தான். முன்னதில் 58 என்று எழுதிய குடும்பத் தலைவர் பின்னதில் 74 ஆகியிருப்பார். கழிந்தது 10 ஆண்டு, ஏறியது 16 வயது. இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இடையில் வந்தது 1908-ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம். 1909 ஜனவரி 1 முதல், 70 வயது நிறைந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. அந்நாட்டில் எல்லாப் பிறப்புகளையும் பதியும் வழக்கம் தொடங்கியதே 1864-இல்தான். ஆகவே அந்த முதியவர்களிடம் காட்டுவதற்குப் பிறப்புச் சான்று இல்லை. 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும்புயல் நினைவிருக்கிறதா என்று கேட்டு வயதை நிதானித்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தை வைத்து வயதுக் கணக்குப் போட்ட நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த முறை விளங்கியிருக்கும்.

இதைக் கண்டதும், ‘கணக்கேடே பொய், இதை நம்பிக் குடும்ப வரலாறு எழுத முடியாது’ என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த முடிவு அவசரமானது. 1901-இல் எழுதிய 58 மட்டும் சரியானது என்று யார் சொன்னது? பிறந்த தேதி தெரியாதவர் 50 என்றும் 60 என்றும் முழு எண்ணாகச் சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். கணக்கேட்டில் இருப்பது ஒரு குடும்பம் ஒரு குறிப்பிட்ட இரவில் அரசிடம் சொன்ன பதில். என்ன சொன்னது, ஏன் அப்படிச் சொன்னது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால், தவறான வயதும் அந்த வீட்டின் வறுமைக்குச் சாட்சியாகிறது. ஒரே ஏட்டை வைத்து இதைச் செய்ய முடியாது. இரண்டு வேண்டும், முடிந்தால் மூன்றாவதாக நில ஏடும் வேண்டும்.

அயர்லாந்தில் இந்த ஒப்பீடு தவிர்க்க முடியாததாக இருப்பதற்கு, அங்கே நேர்ந்த இழப்பும் காரணம். 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் ஏடுகளும், சில துணுக்குகள் தவிர, 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் உள்ள ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு உள்நாட்டுப் போரில் எரிந்தன. 1861, 1871 ஏடுகளைப் புள்ளிவிவரம் எடுத்து முடிந்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. 1921-இல் விடுதலைப் போர் நடந்ததால் கணக்கெடுப்பே இல்லை. ஆக, 1926-க்கு முன் முழுமையாக மிஞ்சியவை 1901, 1911 ஆகிய இரண்டுதான். அயர்லாந்தின் பெரும்பஞ்சத்துக்கு முன் எடுத்த 1841 ஏட்டில், முந்தைய பத்தாண்டில் அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்கூட இருந்தது. 1841-இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் 1851-இல் 66 லட்சத்துக்கும் கீழே போனார்கள். அந்த மறைந்த மனிதர்களின் பெயர்கள் நெருப்பில் போனதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்த முதியவர்கள் தங்கள் வயதை நிறுவ, 1841, 1851 ஏடுகளில் தேடிப் பார்க்கும்படி கேட்டிருந்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் பிழைத்தன. எரிந்துபோன பக்கங்களில் இருந்த எத்தனையோ சிறு விவசாயக் குடும்பங்களின் பெயர் இன்று கிடைப்பது, அந்த 5 ஷில்லிங் தேவைப்பட்ட கிழவர்களாலும் கிழவிகளாலும்தான்.

இருக்கும் இரண்டு ஏடுகளில் விவசாயக் குடும்பத்தைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பெயர்ப் படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதுதான் பிழை என்பது என் வாதம். பெயர் அங்கே எளிதில் ஏமாற்றும். ‘டவுன்லேண்ட்’ எனப்படும் ஒரே உட்கிடையில் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் உடைய மூன்று குடும்பத் தலைவர்கள் இருப்பது வழக்கம். தொழிலுக்கான கட்டத்தில் ‘விவசாயி’ என்ற சொல் 3 ஏக்கர் குத்தகைக்காரரையும் 300 ஏக்கர்காரரையும் ஒன்றாகவே காட்டும். வேறுபடுத்துவது அடுத்த இரண்டு தாள்கள். ஒன்றில் வீட்டின் சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்று இருக்கும். மற்றதில் மாட்டுத் தொழுவம், குதிரை லாயம், பன்றிக்கொட்டில், தானியக் களஞ்சியம் ஆகியவற்றின் எண்ணிக்கை இருக்கும். 1901-இல் ஒரே ஒரு தொழுவம் இருந்த இடத்தில் 1911-இல் களஞ்சியமும் லாயமும் சேர்ந்திருந்தால், அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்பதை நில மதிப்பீட்டு ஏடு சொல்லும். ரிச்சர்ட் கிரிஃபித்தின் மதிப்பீடு 1847 முதல் 1864 வரை மாவட்டம் மாவட்டமாக அச்சாகி வந்தது. அதன்பின் குத்தகைதாரர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை வெவ்வேறு நிற மையில் எழுதினார்கள். ஒவ்வொரு நிறமும் ஓர் ஆண்டைக் குறிக்கும். 1903-ஆம் ஆண்டின் நிலக் கொள்முதல் சட்டத்துக்குப் பின், குத்தகைதாரரே உரிமையாளரானதையும் அந்த ஏட்டில் பார்க்கலாம். நிலத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், மூன்று பேரில் நம்முடையவர் யார் என்பது தெரியும். கணக்கேட்டில் 40 வயதிலும் மணமாகாமல் ‘விவசாயி மகன்’ என்று தொழில் எழுதிக்கொண்டவரின் நிலையும் அப்போதுதான் புரியும். பஞ்சத்துக்குப் பிறகு நிலத்தைக் கூறுபோடாமல் ஒரே மகனுக்குக் கொடுப்பது வழக்கமாயிற்று. தந்தை கைமாற்றும்வரை அவருக்கு நிலமும் இல்லை, கல்யாணமும் இல்லை. 1911 ஏடு, மணமான பெண்களிடம் எத்தனை குழந்தை பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டது. ஒன்பது பேர் உயிரோடிருக்க வீட்டில் இருப்பது இருவர் என்றால், மற்ற ஏழு பேரும் அமெரிக்காவுக்குப் போனார்கள் என்று உடனே எழுதிவிடக் கூடாது. கணக்கெடுத்தது அந்த இரவில் வீட்டிலிருந்தவர்களை மட்டுமே. ஒரு மகன் பக்கத்து வீட்டுத் தாளில் பண்ணையாளாக எழுதப்பட்டிருக்கலாம்.

கணக்கெடுத்தவர்கள் போலீஸ்காரர்கள் ஆயிற்றே, ஒடுக்கிய அரசின் காவலரிடம் யார் உண்மை சொல்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரிக்காரர் அதே ஊரில் ஆண்டுதோறும் பயிர்க் கணக்கும் மாட்டுக் கணக்கும் எடுத்தவர். வயதை அவரிடம் மறைக்கலாம். தொழுவத்தை மறைக்க முடியாது. பெயர்ப் படிவத்தை எழுதித் தரும் பொறுப்பு குடும்பத் தலைவருடையது. கட்டடத் தாள்களைக் கண்ணால் பார்த்து நிரப்பியவர் காவலர். இந்த வேறுபாடே பின்னவற்றுக்குக் கூடுதல் மதிப்பைத் தருகிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. நிலத்தைப் பிடித்துப் போனால் நிலமில்லாதவர் தவறிவிடுவாரே? உண்மைதான், இந்த முறையின் பெரிய குறை அது. பஞ்சத்தில் செத்த கூலிக்குடிகள் பலருக்கு எந்த நில ஏட்டிலும் இடமில்லை. நம் பக்கம் இது இன்னும் கூர்மையாகிறது. 1901-இலும் 1911-இலும் அதே பிரிட்டிஷ் அரசு சென்னை மாகாணத்திலும் ஆட்களை எண்ணியது. ஆனால் அட்டவணைகள் அச்சானதும் தனி வீடுகளின் தாள்களைக் காத்து வைக்கவில்லை. ஆகவே தமிழ் விவசாயக் குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பவை செட்டில்மெண்ட் பதிவேடும் பட்டாவும் அடங்கலும்தான். பட்டாதாரரின் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்கலாம். அதே வயலில் நடவு நட்ட பண்ணையாளின் கொள்ளுத்தாத்தாவை அந்த ஏடுகளில் பெயரோடு காண்பது அரிதிலும் அரிது. அயர்லாந்தின் வீட்டுத் தாளிலோ கடைசிக் கட்டம் ஒன்று இருக்கிறது: இந்த வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது? அந்தக் கட்டத்தில் வேறொருவர் பெயர் இருந்தால், வீட்டுக்காரர் நிலமற்றவர் என்று கொள்ளலாம். மண் சுவர், வைக்கோல் கூரை, ஒரே அறை, ஜன்னல் ஒன்று. ஆனாலும் அதே வரிசையில் குடும்பத் தலைவரின் முழுப் பெயர் இருக்கிறது.