ஏலக்காய் ஏலமும் கோரிக்கைத் தடமும்: டாப்பர் வரலாற்றுக்கு ஒரு மறுப்பு

பல கணினிகளில் பரவிக் கிடக்கும் அமைப்பில் ஒரு கோரிக்கை போன வழியைப் பின்தொடர்ந்து பழுதைக் கண்டறியும் முறையின் வரலாறு, பெரும்பாலும் கூகுள் 2010-இல் வெளியிட்ட டாப்பர் கட்டுரையிலிருந்தே எழுதப்படுகிறது. பெஞ்சமின் சீகல்மன் முதலியோர் அதில் மேக்பை, எக்ஸ்-டிரேஸ் என்ற தட அமைப்புகளை முன்னோடிகளாகக் குறிப்பிடுகின்றனர். ஆயினும் தம் அமைப்பு வென்றதற்கு இரண்டு முடிவுகளையே காரணமாக்குகின்றனர்: எல்லாவற்றையும் பதியாமல் மாதிரி எடுத்தது, பதிவு நிரலை அனைவரும் பயன்படுத்தும் சில லைப்ரரிகளுக்குள் வைத்தது. இந்த வாசிப்பில் எக்ஸ்-டிரேஸ் வெறும் முன்னோட்டமாகச் சுருங்கிவிடுகிறது. தமிழகத்தின் போடிநாயக்கனூரில் (போடி) நடக்கும் ஏலக்காய் ஏலத்தை முன்வைத்து இதை மறுக்கிறேன்.

மலைத்தோட்டத்துக் காய் ஏல நிறுவனத்திடம் வந்ததும் லாட் எண் பெறுகிறது. மாதிரிக் காயைப் பார்த்து வியாபாரிகள் விலை கேட்கிறார்கள். 2021-இல் நறுமணப் பொருள் வாரியம் கிளவுடு வழி நேரடி ஏலத்தைத் தொடங்கியபின், போடியும் கேரளத்தின் புற்றடியும் ஒரே ஏலத்தில் இணைந்தன. போடியில் ஒருவர் அழுத்தும் பொத்தான் உள்ளூர்க் கணினி, தொலைத்தொடர்பு இணைப்பு, கிளவுடு சர்வர் என்று கடந்து இரு மையத் திரைகளுக்கும் வரவேண்டும். ஒரு கேட்பு தாமதமானால், தாமதம் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது?

டாப்பரின் முதல் முடிவு இங்கே நிற்காது. அதன் தொடக்க வடிவம் 1,024 கோரிக்கைகளுக்கு ஒன்றையே பதிந்தது. கோடிக்கணக்கில் தேடல் வரும் இடத்தில் அது போதும். ஏலத்தில் தகராறுக்குள்ளாவது ஒரே ஒரு கேட்பு. அது விட்டுப்போன 1,023-க்குள் இருந்தால் பதிவேடே பயனற்றது. கோரிக்கை குறைந்த பணிகளில் முக்கிய நிகழ்வுகள் தவறக்கூடும் என்று டாப்பர் ஆசிரியர்களே ஒப்புக்கொண்டு, வரத்துக்கேற்ப விகிதத்தை மாற்றும் வழியை நாடினர். இரண்டாவது முடிவு ஒரே நிறுவனத்தின் வீட்டுக்குள் மட்டும் செல்லும். வாரியம், ஏல நிறுவனம், தொலைத்தொடர்பு, வங்கி ஆகிய நால்வரும் ஒரே லைப்ரரியைப் பயன்படுத்துவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது ரொட்ரிகோ பொன்செகா முதலியோர் 2007-இல் வெளியிட்ட எக்ஸ்-டிரேஸ். தடம் கேட்கும் குறிப்பு செய்தியோடே பயணிக்கும். திரட்டிய தரவு வேறு வழியில் போகும். தடம் கேட்டவரும் அறிக்கை பெறுபவரும் வேறாக இருக்கலாம். இந்த மூன்றாம் விதிதான் முக்கியமானது. ஒவ்வொரு நிர்வாகமும் தன் பகுதியின் விவரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பொதுத் தடத்துக்கும் ஒத்துழைக்க அது இடம் தருகிறது.

இதற்குச் சான்றாக ஒரு வரியைக் காட்டுகிறேன். இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2020-இல் பரிந்துரையாக்கிய, கோரிக்கையோடே பயணிக்கும் டிரேஸ்பேரண்ட் வரியில் 55 எழுத்துகள்: பதிப்புக்கு 2, தட எண்ணுக்கு 32, அனுப்பிய கட்டத்தின் எண்ணுக்கு 16, கொடிக்கு 2, இடையே 3 கோடுகள். வழியெங்கும் 32 எழுத்துகள் மாறாது. 16 எழுத்துகள் கட்டந்தோறும் மாறும். அதனால் கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டாலும் எது எதைப் பெற்றது என்ற வரிசை குலையாது. கடிகாரத்தை நம்பாமல் முன்பின் நிறுவலாம் என்று கணினி அறிவியலாளர் லாம்போர்ட் 1978-இல் காட்டிய வழி இதுவே. துணைவரியான டிரேஸ்ஸ்டேட்டில் ஒவ்வொரு தரப்பும் தன் குறிப்பைத் தனியே எழுதிக்கொள்ளலாம். ஒரே நிறுவனத்துக்காக வகுத்ததென்றால் அந்த வரிக்குத் தேவையே இல்லை.

இந்த வரி எக்ஸ்-டிரேஸிடம் பட்ட நேரடிக் கடன் என்று சொல்லுமளவுக்குச் சான்று இல்லை. 2012-இல் டிவிட்டர் வெளியிட்ட ஜிப்கின், 2017-இன் யேகர், 2019-இல் ஒன்றிணைந்த ஓப்பன்டெலிமெட்ரி ஆகிய தடக் கருவிகள் டாப்பர் வழியில் வந்தவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் சொல்வழக்கும் வரைபடமும் டாப்பரிடமிருந்து வந்தாலும், நிர்வாக எல்லைகளைக் கடக்கும் கொள்கை எக்ஸ்-டிரேஸின் பக்கமே நிற்கிறது. காலமுறையில் எது முந்தியது என்பதும் தீரவில்லை. 2010 கட்டுரை இரண்டாண்டுக்கு மேற்பட்ட பயன்பாட்டைப் பேசுவதால், டாப்பரின் ஆக்கம் 2007-ஐ ஒட்டியே நடந்திருக்கக்கூடும். அச்சான ஆண்டை மட்டும் கொண்டு முதன்மை வழங்க முடியாது.

வரலாற்றில் எக்ஸ்-டிரேஸுக்கு உரிய இடத்தைத் தரவேண்டும். பல தரப்பினர் கூடும் ஏலங்களுக்கு மென்பொருள் எழுதுவோர் மாதிரியோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கேட்புக்கும் தட எண் தந்து முழுவதையும் பதியவேண்டும். விலை பறிபோனதாகக் கருதும் வியாபாரிக்கும் தோட்டக்காரருக்கும் அந்தப் பதிவைப் பார்க்க உரிமை உண்டு.