பேசாத இறந்தகாலம்

எங்கள் தெருப் பையன் ஒருவன் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்திருக்கிறான். மொழி மேல் ஆசை ஒன்றும் இல்லை, மதிப்பெண்தான். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழைத் தள்ள முடியாது என்றாகிவிட்டது. அதற்கு மேலே போனால் பிரெஞ்சு எடுக்கலாம். கொங்குநாட்டில் மகனை டாக்டராக்க நினைக்கும் விசைத்தறிக்காரர், எண்ணெய்மில்காரர் எல்லோரும் அறிந்த கணக்கு இது. அவன் எங்கிருந்தோ பிடித்த பழைய பிரெஞ்சு இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டான்: 'மாமா, இந்த வாய்ப்பாட்டைய அங்க யாருமே பேசறதில்லையாம்ங். அப்பறம் எதுக்குங் படிக்கோணும்?'

அவன் காட்டிய பக்கத்தில் இருந்தது 'பாஸே சேம்ப்ல்'. எளிய இறந்தகாலம் என்று பெயர், எளிமை ஒன்றும் கிடையாது. ஒழுங்கான வினைகளுக்கு மட்டும் பார்ப்போம். 'பார்லே', பேசு என்னும் வினை: நான் பார்லே, நீ பார்லா, அவன் பார்லா, நாம் பார்லாம், நீங்கள் பார்லாத், அவர்கள் பார்லேர். 'ஃபினீர்', முடி என்னும் வினை: ஒருமை மூன்றுக்கும் காதில் விழுவது ஃபினி, பன்மையில் ஃபினீம், ஃபினீத், ஃபினீர். விற்பதைக் குறிக்கும் 'வாந்த்ர்' என்பதற்கும் இரண்டாவது வகையின் விகுதிகளே: வாந்தி, வாந்தீம், வாந்தீத், வாந்தீர். (நம் காதுக்கு வேறு அர்த்தம் வரும், என்ன செய்வது.) 'நீ பேசினாய்', 'அவன் பேசினான்' இரண்டுக்கும் காதில் வித்தியாசம் கிடையாது, எழுத்தில் மட்டும் ஒரு 'எஸ்' கூடுதல். 'ஃபினி' வகையில் ஒருமைக்கு நிகழ்காலமும் இந்த இறந்தகாலமும் எழுத்திலும் ஒன்றேதான். ஆக இது கண்ணுக்காக வாழும் காலம். பாரிஸ் தெருவில் இதைப் பேசி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேச்சில் எல்லாவற்றுக்கும் 'பாஸே கொம்போஸே'தான்: 'உடைமை', 'இருப்பு' என்ற துணைவினை ஒன்றைச் சேர்த்து இரண்டு துண்டாகச் சொல்வது.

ஒருகாலத்தில் இரண்டுக்கும் எல்லை போட்டிருந்தார்கள். 1660இல் வந்த போர்-ருவாயால் இலக்கணத்தின்படி இன்றைக்கு நடந்ததைச் சொல்ல பாஸே சேம்ப்ல் ஆகாது, இடையில் ஒரு நாளாவது கழிந்திருக்க வேண்டும். இந்த விதியைப் படிக்கும்போது எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வருகிறார். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பைத் தொடங்கி 1761 ஜனவரியில் சாகும்வரை எழுதியவர், டூப்ளேயின் துபாஷ், பகல் முழுக்கப் பிரெஞ்சுக்காரர்களோடு புழங்கியவர். ராத்திரி உட்கார்ந்து 'இன்றைய' செய்தியை எழுதியது தமிழில், அதுவும் பேச்சோடு ஒட்டிய தமிழில். பிரெஞ்சில் எழுதியிருந்தால் காலையில் கோட்டையில் நடந்தது ஒரு காலத்திலும் முந்தாநாள் கப்பல் வந்தது இன்னொரு காலத்திலும் போயிருக்கும். தமிழில் அந்தப் பிளவு இல்லை. நன்னூல் த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகளை அடுக்குகிறது (பவணந்தி எங்கள் சீனாபுரத்துக்காரர் என்பார்கள் பெருந்துறைப் பக்கத்தார்). நேற்றுக்கும் இன்றைக்கும், அரண்மனைக்கும் சந்தைக்கும் அதே இடைநிலைதான்.

1953இல் ரொலான் பார்த் 'எழுத்தின் பூஜ்ய நிலை' பற்றிய தம் சிறு நூலில் இந்தக் காலத்தைப் பிடித்துக்கொண்டார். நாவலுக்கும் வரலாற்றுக்கும் பொதுவான முத்திரை இது என்றார். பால்ஸாக்கும் மிஷ்லேயும் ஒரே வினையில் எழுதினார்கள். நடந்தது புள்ளியாகச் சுருங்கி, காரணகாரியச் சங்கிலியில் கோக்கப்பட்டு, உலகம் புரிந்துகொள்ளத்தக்க ஒழுங்கான இடமாகக் காட்டப்படுகிறது. பூர்ஷ்வாக்களின் நிம்மதி அதில் இருக்கிறது. 1959இல் பென்வெனிஸ்த் மொழியியல் தரப்பிலிருந்து இதைச் சொன்னார்: 'வரலாறு' என்னும் எடுத்துரைப்பில் பேசுபவர் இல்லை, நிகழ்ச்சிகள் தம்மைத் தாமே சொல்லிக்கொள்வதாகத் தோன்றும், 'சொல்லாடல்' என்பதிலோ ஒரு நான் இருக்கிறது, ஒரு நீ இருக்கிறது. இதற்கெல்லாம் முன்பே, 1942இல் வந்த காம்யுவின் 'அந்நியன்' பாஸே சேம்ப்லை ஒதுக்கிப் பேச்சின் காலத்தை எடுத்துக்கொண்டது. மறு வருஷமே சார்த்தர், துண்டாகிப்போன அந்த வினையால்தான் காம்யுவின் ஒவ்வொரு வாக்கியமும் தனித் தீவாக நிற்கிறது என்று எழுதினார்.

வெ. ஸ்ரீராம் 1980இல் க்ரியா வழியாக 'அந்நியனை'த் தமிழுக்குக் கொண்டுவந்தபோது இந்தச் சண்டை மொத்தமும் கரைந்துபோனது. அது அவர் குற்றமல்ல. தமிழில் இருப்பது ஒரு இறந்தகாலம். பாஸே கொம்போஸேக்கு உருவத்தில் நெருக்கமானது 'வந்திருக்கிறேன்'. ஒரு நாவல் முழுக்க அப்படி எழுத முடியுமா? படிக்கிறவர் ஓடிப்போவார். போதாததற்கு 'வந்திருக்கான்' என்றால் நம் பேச்சில், பார்க்கவில்லை, தடயத்தை வைத்து ஊகித்தேன் என்ற சாயலும் ஏறிவிடும்.

அப்படியானால் பேசாத இறந்தகாலம் நமக்கு இல்லையா? இருக்கிறது. அது இடைநிலையில் இல்லை, விகுதியில் இருக்கிறது. 'வந்தனர்', 'சென்றனர்', 'ஆண்டனர்' - இதை எந்த ஊரில் யார் பேசுகிறார்கள்? வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் நின்று 'அவர்கள் வந்தனர்' என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். ஒப்புமை இன்னும் நெருக்கமானது. பிரெஞ்சில் 'நாம் பார்லாம்', 'நீங்கள் பார்லாத்' ஆகியவை எழுத்திலும் கேலிப்பொருளாகிவிட்டன, படர்க்கை மட்டும் உயிரோடு இருக்கிறது. நம்மிடமும் 'வந்தனம்', 'வந்தனை' என்ற தன்மையும் முன்னிலையும் செத்துப்போய் 'வந்தனர்' மட்டும் பாடநூலிலும் நாளிதழிலும் தங்கியிருக்கிறது. நானும் நீயும் போன பிறகு மிஞ்சிய படர்க்கைதான் அதிகாரத்துக்கு வசதியான இடம். சாதிச் சங்கங்கள் அச்சிடும் கொங்கு வரலாறுகளை எடுத்துப் பாருங்கள். காடு திருத்தினர், குளம் வெட்டினர், நாடு பிரித்தனர். வெட்டியது யார் கை என்ற கேள்வி அந்த '-அனர்' விகுதியின் நிழலில் போய் ஒளிந்துகொள்ளும். பென்வெனிஸ்த் சொன்ன பேசுபவரற்ற எடுத்துரைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் பாரிஸிலும் கிடைக்காது.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' வந்ததும் அதே 1942இல். கொங்குப் பேச்சு நாவலுக்குள் நுழைந்தது, ஆனால் உரையாடலில்தான். எடுத்துரைப்பவர் எழுத்துத்தமிழில் நின்றுகொண்டார். வாசலில் பேச்சு, நடுவீட்டில் எழுத்து. எடுத்துரைப்பே பேச்சாக வேண்டும் என்ற துணிச்சலைக் கி. ராஜநாராயணன் ஒரு பக்கமும், பாமா 1992இல் 'கருக்கு' வழியாக இன்னொரு பக்கமும் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. கி.ரா.வுக்கு அது கதைசொல்லியின் உல்லாசம், பாமாவுக்கு '-அனர்' வழியாகத் தன் வாழ்க்கையைச் சொல்லவே முடியாது என்ற நிர்ப்பந்தம். தொழிலாளி-கடைக்காரக் குடும்பத்தில் பிறந்த ஆனி எர்னோ தன் அப்பனைப் பற்றி எழுதும்போது பாஸே சேம்ப்லைத் தொடாமல் விட்டதும் இந்த வகைதான்.

புதுச்சேரிப் பக்கத்துக் காராணியைச் சேர்ந்த வீரம்மா என்ற பறையர் பெண் தன் வாழ்க்கையைத் தமிழில் பேசிச் சொல்ல, ஜோசியான் ராசின் அதைப் பிரெஞ்சில் ஆக்கி 1990களின் நடுவில் பாரிஸில் புத்தகமாக வந்தது. 'வந்துச்சு', 'செத்துட்டான்', 'சொல்லிட்டேன்' என்று வரும் பேச்சை எந்தக் காலத்தில் போடுவது? பண்ணைவீட்டில் களையெடுத்த பெண்ணின் வாயில் 'நாம் பார்லாம்' என்று வைத்தால் அது கேலிக்கூத்து. வினைத்திரிபு என்பது இங்கே அரசியல் தேர்வு.

இதுவரை பார்த்தோடு போனோம். இதற்கு மேல் அவரோடு போக எனக்குத் தயக்கம். நம் ஆட்கள் பிரெஞ்சுக் கோட்பாட்டை மூட்டையோடு இறக்குவார்கள், பிரித்து எடை போடமாட்டார்கள். பாஸே சேம்ப்ல் மேட்டுக்குடிக் காலம், பேச்சு மக்கள் காலம் - இந்தச் சமன்பாடு எங்கள் ஊரில் செல்லாது. 'சொல்லிப்போட்டான்', 'போயிட்டாருங்க' என்று நாங்கள் பேசும் பேச்சிலேயே, அந்த அழகான கொங்குப் பேச்சிலேயே, விகுதி சாதி பார்க்கும். பண்ணாடி இருபது வயசுப் பையனாக இருந்தாலும் 'வந்தாருங்க'. அவர் பண்ணயத்து மாதாரிக்கு அறுபது வயசு, பேரன் பேத்தி எடுத்தவர், 'வந்தான்'. கவுண்டர் வீட்டு ஏழு வயசுக் குழந்தையும் அப்படித்தான் சொல்லிப் பழகியது, இதே கண்ணால் பார்த்தவன் நான். எழுத்துத்தமிழின் '-அனர்' யாரையும் தனியே காட்டாமல் மறைக்கிறது என்றால், பேச்சின் '-ஆன்' காட்டவேண்டிய ஆளைத் துல்லியமாகக் காட்டிக் குனியவைக்கிறது. பேச்சுத்தமிழில் எழுது என்று முழங்கும் நண்பர்கள் இந்த விகுதியை என்ன செய்வதாக உத்தேசம்?

'அந்நியனில்' கொல்லப்படும் அரபிக்குப் பெயர் கிடையாது. கமேல் தாவூத் 2013இல் எழுதிய நாவலில்தான் அவனுக்கு மூஸா என்று பெயர் வந்தது. பிரெஞ்சு வினைக்கு அந்த அரபியும் வழக்கை விசாரிக்கும் நீதிபதியும் ஒன்றுதான். தமிழுக்கு வரும்போது ஆளாளுக்கு -ஆனா -ஆரா என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். செய்தபின் அது இலக்கணமாகிவிடும், யாரும் கேட்கமாட்டார்கள்.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: 'பண்ணாடி வந்தார்', 'மாதாரி வந்தான்'. ஒழுங்கான வினையாகப் பார்த்துப் போடு என்றேன். 'அரிவே' என்ற வினையை எடுத்து, வாய்ப்பாட்டை விரலில் எண்ணி, பெயர்களை அவன் என்பதாக மாற்றி எழுதினான். மேலே 'ஈல் அரிவா', கீழேயும் 'ஈல் அரிவா'. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

'ரெண்டும் ஒண்ணாட்டவே வருதுங் மாமா. தப்புங்ளா?'