தேய்மானம் என்னும் சொல்லும் முழங்கால் நோவும்

முழங்கால் மூட்டில் நடு அகவையினரிடத்தும் தோன்றி மெல்ல முதிரும் நோயொன்றைத் தமிழ் மக்கள் இன்று மூட்டுத் தேய்மானம் என வழங்குகின்றனர். கணக்கேடுகளில் பொறியின் மதிப்புக் குறைதலைக் குறிக்கும் இச்சொல், மக்கள் உறுப்பின்மேல் ஏறியபோது ஒரு கருத்தையும் உடன் கொணர்ந்தது. தேய்ந்தது மீளாது, மேலும் தேயாதிருக்க அதனை வழங்காது விடுதல் வேண்டும் என்பதே அது. உழைத்துண்பார்க்கு இக்கருத்து எத்துணைக் கேடு பயக்கும் என்பதனை இந்நோயின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மேனாட்டார் இட்ட பெயர் வேறு. பாத் நகரத்து மருத்துவர் ஸ்பெண்டர் 1889-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்னும் பெயரை ஆண்டார். அஃது எலும்பையும் மூட்டின் அழற்சியையும் சுட்டுமேயன்றித் தேய்வைச் சுட்டாது. எனினும் தேய்வுக் கொள்கை ஆங்கும் வேரூன்றிற்று. அதற்குச் சான்று இல்லாமலும் இல்லை. கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இருவர் 1952-இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால்களை எக்ஸ்-கதிர்ப் படங்கொண்டு நோக்கி, அலுவலகப் பணியாளரினும் அவரிடத்து இந்நோய் மிகுதல் கண்டது. ஆயினும் அவர் மூட்டைக் கெடுத்தது நடையன்று. தாழ்ந்த சுரங்கத்துள் மண்டியிட்டுப் பளுவேற்றதே என்பது எம் துணிபு.

அவ்விருவரே 1957-இல் இப்படங்களைச் சுழி முதல் நான்கு வரை ஐந்து நிலைகளாக வகுத்தனர். அவ்வகுப்பு இன்றும் ஆளப்படுகின்றது. ஆனால் படத்தின் நிலையும் நோவின் அளவும் ஒத்துச் செல்வதில்லை. படத்தில் மிக்க சிதைவுடையார் சிலர் வருத்தமின்றி நடப்பர். சிறு மாற்றமே உடையார் சிலர் படியேற மாட்டார். தேய்வதாகக் கூறப்படும் குருத்தெலும்பில் நரம்பே இல்லை. அதனடியிலுள்ள எலும்பினின்றும் மூட்டின் உட்சவ்வினின்றுமே வலி எழுகின்றது.

தேய்ந்ததைச் செப்பனிடலாம் என்னும் எண்ணமும் சோதிக்கப்பட்டது. ஹூஸ்டன் நகரில் மோஸ்லியும் அவர் குழுவினரும் 180 நோயாளரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு மூட்டினுள் கழுவினர். ஒரு பிரிவினர்க்குச் சிதைவையும் சீவி நீக்கினர். எஞ்சியோர்க்குத் தோலை மட்டும் கீறித் தைத்தனர். ஈராண்டு நோக்கியும் நோவில் வேறுபாடு காணாமையை 2002-இல் வெளியிட்டனர். இத்துணைத் தெளிந்த சான்று இத்துறையில் அரிது.

1997-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றோ, நடைப் பயிற்சியும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் நோவைக் குறைத்தல் காட்டிற்று. அதிற் சேர்ந்தோர் 60 அகவை எய்தியோர் என்பதனை மறைத்தல் கூடாது. பிரித்தானிய மருத்துவ நெறிமுறை 2022-இல் பயிற்சியை அனைவர்க்கும் உரியதாக்கி, பருமனுடையார்க்கு எடைக் குறைப்பையும், முழங்காலுக்கு மேற்பூச்சு மருந்தையும் பரிந்துரைத்தது. பாரசிட்டமாலை வழக்கமாகத் தருதல் வேண்டா என்றது.

செயற்கை மூட்டுப் பொருத்துதல் இறுதி வழி. பணி செய்யும் அகவையினர்க்கு அதிலும் ஓர் இடர் உண்டு. 2017-இல் வெளியான பிரித்தானிய ஆய்வின்படி, 70 அகவைக்குமேல் அதனைப் பெற்றோருள் மறு அறுவை வேண்டுவார் நூற்றுவருக்கு ஐவர் அளவே. 50-ஐ அடுத்துப் பெற்ற ஆடவருள் அத்தொகை 35 வரை உயர்கின்றது.

சுரங்கத்தாரின் முழங்கால் நோயைத் தொழில்நோயாகப் பிரித்தானியச் சட்டம் ஏற்றது 2009-இல். முன்னைய ஆய்வு தோன்றி 57 ஆண்டுகள் கழிந்திருந்தன. மண்டியிட்டே கம்பளம் விரிப்பார்க்கும் தளம் அமைப்பார்க்கும் அவ்வுரிமை 2012-இல் கிட்டிற்று.