பழைய வரைபடங்களைக் கொண்டு பயண நேரம் கணித்தல்

முற்காலத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பதை வரைபடங்கள், வழித்தடக் குறிப்புகள், பயண நாட்குறிப்புகள் ஆகியவற்றை ஒப்பிட்டு மதிப்பிடும் முறை இது. சென்னை–நெல்லூர் தடத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள எளாவூர் இம்முறைக்கு நல்ல சோதனைக்களம். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லாத சமவெளி அது. கிழக்கே பழவேற்காடு ஏரி.

தமிழ்நாட்டில் தூரத்தை நேரத்தால் அளப்பது வரைபடங்களுக்கு மூத்த வழக்கம். ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடக்கும் தூரம் நாழிகை வழி. ஏழரை நாழிகை வழி ஒரு காதம். காதத்தை ஏறத்தாழ 10 மைல் என்று கொண்டால், நடை வேகம் மணிக்கு 5 கி.மீ.க்குச் சற்று மேலாகிறது. நல்ல நடைக்காரனின் வேகம்தான். தர்மபுரி அருகே கிடைத்த அதியமான் பெருவழியின் காதக்கல்லில் தூரம் எழுத்தில் இருப்பதோடு, படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குழிகளாகவும் வெட்டப்பட்டிருக்கிறது.

அளந்து வரையும் வேலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேகம் பிடித்தது. 1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே 12 கி.மீ. அடிக்கோட்டை அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். சாலை அளவையையும் முக்கோண அளவையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அளவைச் சக்கரத்தைச் சாலையில் உருட்டினால் வளைவுகளும் சேர்ந்த தூரம் வரும். முக்கோண அளவை தருவது நேர்கோடு. ஜேம்ஸ் ரென்னல் 1782இல் வெளியிட்ட இந்துஸ்தான் வரைபடத்துக்காகச் சாலைத் தூரத்தை நேர்கோடாக்கும் வேலையைச் செய்தார். படைகள் நடந்த தூரத்திலிருந்து வளைவுக்கான பங்கைக் கழித்து, ஊர்களைத் தாளில் நிறுத்தினார். இன்றைய ஆய்வாளர் அந்தக் கழிவைத் திரும்பக் கூட்ட வேண்டியிருக்கிறது.

1827 முதல் வெளிவந்த இந்திய அட்லஸ் தாள்களில் 4 மைல் ஓர் அங்குலம். அந்த அளவில் எளாவூருக்கும் சென்னைக்கும் நடுவே எட்டு அங்குலம்கூட இல்லை. சின்ன வளைவுகள் காணாமல் போய்விடும். சாலைவழி சுமார் 50 கி.மீ., மூன்று காதம். கணக்குப்படி ஒன்பது மணி நேர நடை. இளைப்பாறலையும் சேர்த்தால் இரண்டு நாள் என்பதே நியாயமான மதிப்பீடு. மணிக்கு 3 கி.மீ. போகும் பாரவண்டிக்கு ஓட்டம் மட்டுமே 16, 17 மணி நேரம்.

இதெல்லாம் கோடைக்கணக்கு. வழியில் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் குறுக்கிடுகின்றன. பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கும் இவை, ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் புரண்டால் பயணியைக் கரையிலேயே உட்கார வைத்துவிடும். வரைபடமோ ஆற்றை எப்போதும் ஒரே கோடாகக் காட்டுகிறது. ஏற்றத்துக்குக் கூடுதல் நேரம் தரும் 1892ஆம் ஆண்டின் நெய்ஸ்மித் விதி மலைநாட்டுக்கு உதவும். இங்கே அதைவிடப் பஞ்சாங்கம் உதவும்.

ஆகவே நாட்குறிப்புகளே உரைகல். சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டு, அடுத்த ஆண்டு செப்டம்பரில் திரும்பினார். தங்கிய ஊர்களையும் வழியின் நிலையையும் தெலுங்கில் விடாமல் எழுதிவைத்தார். இப்படிப்பட்ட குறிப்பில் ஒரு நாள் எங்கே வீணானது என்பது தெரியும், வரைபடத்தில் தெரியாது.

நீர்வழிக்குத் தனிக்கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர்வரை வெட்டப்பட்டுப் பின்னர் நீண்ட கால்வாய், 1876–78 பஞ்ச நிவாரண வேலைகளுக்குப் பிறகு பக்கிங்ஹாம் பெயரைப் பெற்றது. படகின் வேகத்தைக் காற்றும் கயிறு இழுப்பவர்களும் தீர்மானித்ததால், அங்கே ஒரே எண்ணைச் சொல்வது துணிச்சல்தான். 1899இல் சென்னை–விஜயவாடா ரயில் இணைப்பு வந்தபின் வரைபடத்தின் இடத்தைக் கால அட்டவணை பிடித்துக்கொண்டது.

இருந்தாலும் காத்திருப்பு நேரம் சாலையை விட்டுப் போகவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனை நீங்கும்வரை, எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. வெறும் நெடுஞ்சாலைப் படத்தை வைத்து அந்தக்கால லாரியின் பயணத்தைக் கணிப்பவரும், ஆற்றை மறந்தவர் செய்த அதே பிழையைத்தான் செய்வார்.