ஸ்பிரிங்பீல்டின் பதினொருவரும் தஞ்சைத் திருச்சபையும்

தை அறுவடை முடிந்து, வயல்களில் தாள் காய்ந்து கிடக்கும் மாசி பங்குனி மாதங்களில், தஞ்சை வட்டாரத்துச் சிற்றூர்களில் மாலைதோறும் இரு ஆட்டங்களைக் காணலாம். ஒன்று சடுகுடு, மற்றொன்று வாலிபால் எனப்படும் கைப்பந்து. முன்னது இம்மண்ணுக்கே உரியது. பின்னதை 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர் அமைத்தார். அவர் பயின்ற ஸ்பிரிங்பீல்டு பயிற்சிப் பள்ளியின் வரலாறு இறையியல் மாணவராகிய நமக்குப் பெரிதும் தொடர்புடையது. ஆகவே விளையாட்டைப்பற்றி இவ்வேட்டில் எழுதுவதற்கு நாம் மன்னிப்புக் கோரவேண்டியதில்லை.

1890இல் அப்பள்ளிக்கு ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் வந்துசேர்ந்தார். அவர் யேல் பல்கலைக்கழகத்தில் குருத்துவப் பணிக்கெனப் பயின்றவர். பிரசங்கபீடத்தில் தமக்கு நாவன்மை இல்லையென உணர்ந்து அவ்வழியை விட்டவர். அவ்வாண்டே அவர் அங்கு ஒரு கால்பந்து அணியைத் திரட்டினார். இது நாம் அறிந்த கால்பந்தன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுகிறவனை உடலால் மோதி வீழ்த்துவதுமான அமெரிக்க ஆட்டம். அணியின் நடுவிடத்தில் நின்றவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவரும் மான்ட்ரியல் நகரின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியில் தேறி, அவ்வாண்டில்தான் வெளிவந்திருந்தார். அக்கல்லூரியில் அவர் பந்தாடியதற்காக உடன்மாணவர் சிலர் கூடி அவருடைய ஆத்துமாவுக்காக மன்றாடினராம்! ஆனால் அவரை மாற்றியது வேறொரு நிகழ்ச்சி. களத்தில் தகாத சொல் பேசிய தோழன் ஒருவன், நெய்ஸ்மித் அருகில் நிற்பதைக் கண்டு வெட்கி, தன்னையறியாமல் மன்னிப்புக் கேட்டான். பீடத்திலிருந்து பேசாமலே ஒருவனுடைய மனச்சாட்சியைத் தொடக்கூடும் என்பதை நெய்ஸ்மித் அன்று கண்டார்.

அந்தச் சிறு பள்ளி அப்பருவத்தில் எட்டு ஆட்டங்கள் ஆடி ஐந்தில் வென்றது. மூன்று தோல்விகளுள் ஒன்றே இன்றளவும் பேசப்படுகிறது. டிசம்பர் 12ஆம் நாள், நியூயார்க்கின் மேடிசன் சதுக்கக் கட்டடத்திற்குள் கூரையின்கீழ் நடந்த ஆட்டத்தில், வலிமைமிக்க யேல் அணி 16 புள்ளிகள் பெற, இவர்கள் 10 பெற்றனர். ஊழியத்திற்குப் பயில்கிறவர்கள் யேலுக்கு ஈடுகொடுத்து நின்றார்கள் என்பதே பார்த்தவர்களுக்கு வியப்பாயிற்று.

ஆனால் மன்றாடிய மாணவர்கள் முற்றிலும் பேதைகள் என்று நாம் எண்ணலாகாது. 1905ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தால் மாண்டவர்கள் 18 பேர் எனச் செய்தித்தாள்கள் கணக்கிட்டன. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. அதற்குள் ஸ்டாக் சிக்காகோ பல்கலைக்கழகத்திற்குச் சென்றிருந்தார். அவரை அழைத்தவர் அதன் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். யேலில் எபிரெயம் கற்பித்தவர், ஆமோஸ், ஓசியா நூல்களுக்கு 1905இல் விளக்கவுரை வெளியிட்டவர். ஆமோசுக்கு உரையெழுதிய கையே ஆமோஸ் ஸ்டாக்கையும் பேராசிரியர் தகுதியில் அமர்த்தியது. நெய்ஸ்மித்தோ 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் வெளியே ஆடவியலாது சலித்திருந்த 18 மாணவர்க்கென, மோதலில்லாத ஆட்டம் ஒன்றைப் புனைந்தார். பீச் பழக் கூடைகள் இரண்டும் 13 விதிகளும் கொண்ட அதுவே கூடைப்பந்து. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது என்னும் விதியில், அவர் கால்பந்துக் களத்தில் பட்ட அடிகளின் நினைவு தெரிகிறதென்பது நம் கருத்து.

ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1919இல் சென்னைக்கு வந்தார். 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அது பின்னர் சைதாப்பேட்டையில் நிலைபெற்றது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியை அவர் உடன் நடத்திச் சென்றார். 1943இல் அவர் மறையும்வரை அங்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்றனர். அப்பள்ளிகளில் அவர்கள் கற்பித்தவை இவ்வாட்டங்களே.

அந்தப் பள்ளித் திடல்களில் அவர்கள் எதிர்கொண்டது என்ன என்பதை அறிய, தஞ்சைத் திருச்சபையின் பழைய கதையொன்றை நினைவுகூர வேண்டும். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு ஒழியவேண்டும், எல்லாரும் பேதமின்றித் திருவிருந்தில் பங்குபெறவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த தஞ்சை சபையிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. வேதநாயகம் சாஸ்திரியாரைப் போன்ற பெரும் பக்திக் கவிஞரும் எதிர்த்தவர் பக்கமே நின்றார். ஒரே பாத்திரத்தில் பருகத் தயங்கிய சபையின் பிள்ளைகளுக்கு, ஒரே தோல்பந்தைக் கைமாற்றி ஆடுவது எளிதாயிருந்திராது.

இதே சிக்கலை வடக்கே காஷ்மீரில், 1891ஆம் ஆண்டிலேயே, டின்டேல் பிஸ்கோ என்னும் குருவானவர் சந்தித்தார். ஸ்ரீநகர் மிஷன் பள்ளியின் பிராமணச் சிறுவர்கள் தோல்பந்தைத் தொட மறுத்தபோது, ஆசிரியர்களைக் கழியுடன் சுற்றி நிறுத்தி அவர்களை ஆடவைத்தார். அச்செயலை நாம் பாராட்ட இயலாது. கழியால் ஓட்டப்பட்ட கால் பந்தை உதைக்கும். உள்ளம் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. அடிமையைச் சகோதரனாக ஏற்கும்படி பிலேமோனுக்கு எழுதிய பவுல், கட்டளையிடத் துணிவிருந்தும் வேண்டிக்கொள்ளும் வழியையே தெரிந்துகொண்டார்.

எனினும் உடல் கற்றுக்கொள்வதை உள்ளம் பின்னர் ஏற்பதும் உண்டு. இவ்விடத்தில் நாம் வலையையும் கோட்டையும் ஒப்பிட்டு நோக்கவேண்டும். கைப்பந்தில் அணிகளுக்கு நடுவே வலை நிற்கிறது. எதிரணியானைத் தொடாமலே ஆட்டத்தை முடித்துவிடலாம். சடுகுடுவிலோ நடுக்கோடு தாண்டி மூச்சடக்கிப் போகிறவன் எதிரியைத் தொட்டே ஆகவேண்டும்; பிடிக்கிறவர்களும் அவனைக் கட்டித் தழுவியே நிறுத்தவேண்டும். ஸ்டாக்கின் அணி ஆடிய மோதலுக்கு நெருங்கிய உறவுடையது நம் ஆட்டமே. கடல்கடந்து நம்மிடம் வந்தவையோ மோதலைத் தவிர்க்க எழுந்தவை. நம் குருசேகரங்கள் சிலவற்றில் வாலிபர் விழாவுக்குத் தெருவுக்கு ஓர் அணியாகப் பெயர் கொடுப்பதும், ஆயர் அவ்வாறே பட்டியலை வாசிப்பதும் வழக்கமாக உள்ளன. தெருக்களைக் கலந்து அணி பிரிக்க ஆயர் எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை. பட்டியல் அவர் கையில்தான் இருக்கிறது.