ஆங்கிலத்தில் அண்ணன்மார்

கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் கதை, பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களையும் அவர்களின் தங்கை தங்காளையும் பற்றியது. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது இவர்களுக்கு வழிபாடு நடப்பதால், இப்பெயர்கள் கதைமாந்தர் பெயர்களாகவும் தெய்வப் பெயர்களாகவும் ஒருங்கே வழங்குகின்றன. இவற்றை ஆங்கில வாக்கியங்களுக்குள் விரிவாகக் கொண்டுசென்றவர் மானிடவியலாளர் பிரெண்டா பெக். 1960களின் நடுவில் காங்கேயம் பகுதியிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கிய அவர், பாடகர் பாடப்பாட இக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார்.

கொங்கு வேளாண் சமூகத்தைப் பற்றி 1972இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே சிக்கல் தொடங்குகிறது. அங்கே ‘கொங்கு’ என்பதன் இரண்டாம் ககரமும் ‘ஜி’ என்னும் எழுத்தால் அன்றி ‘கே’ என்னும் எழுத்தாலேயே குறிக்கப்பட்டிருப்பதால், தமிழறியாதவர் அதைக் ‘கொன்க்கு’ என்றே படிக்க நேரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி நிலைநிறுத்திய எழுத்துப்பெயர்ப்பு முறை, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே உரோமன் குறியைத் தரும் முறை, எழுத்தைக் காக்குமே தவிர ஒலியைக் காக்காது. மெல்லினத்தை அடுத்த ககரம் மெலிந்து ஒலிக்கும் என்பது தமிழரின் காதுக்குத்தான் தெரியும். அம்முறைப்படி எழுதப்படும் ‘சங்கர்’ ‘சி’ எழுத்தில் தொடங்குவதால், ஙகரத்தைக் குறிக்கும் எழுத்தின் மேற்புள்ளியை அச்சில் விட்டுவிட்டால் ஆங்கிலத்தில் புண்ணைக் குறிக்கும் ‘கேங்கர்’ என்னும் சொல்லை நினைவூட்டும் வடிவம் பெறுகிறது. ஏட்டில் கிடைத்த இலக்கியத்துக்கு இம்முறை பொருந்தலாம். செவிவழியே வாழ்ந்த கதைக்கு இது பெரும் இழப்பு.

ஒலியைவிட ஆழமானவை பெயர் சுமக்கும் பொருளும் உறவும். ‘பொன்னர்’ என்பதன் ஈற்றிலுள்ள ரகரம் மரியாதையைச் சுமந்து நிற்க, ‘வந்தார்’, ‘சொன்னார்’ என வினைமுற்றும் அதற்கு இசைந்து வருகிறது. ஆங்கில வினையில் அரசனுக்கும் ஏவலாளுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. கதையில் வரும் காட்டுப்பன்றியாகிய கொம்பன் கொம்புடையவன் என்று தமிழில் தன்னைத் தானே விளக்கிக்கொள்ள, ஆங்கிலத்தில் அது பெரிய எழுத்தில் தொடங்கும் வெறும் ஒலியாகிவிடுகிறது.

தலைப்புகளிலும் இந்த இழப்பைக் காணலாம். ‘அண்ணன்மார்’ என்ற சொல்லில், பெயர் சொல்லப்படாமலேயே தங்கை இருக்கிறாள், ஏனெனில் அது அவள் இருக்குமிடத்திலிருந்து சொல்லப்படும் சொல். ‘மூத்த சகோதரர்கள்’ என்று பொருள்படும் தலைப்போடு 1992இல் தமிழ்ப் பாடமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து வெளிவந்தபோது, யாருக்கு மூத்தவர்கள் என்ற கேள்வி ஆங்கில வாசகருக்கு எழவே செய்திருக்கும். அதற்கு முன் 1982இல் வந்த ஆய்வு நூலுக்கு ‘மூன்று இரட்டையர்’ என்று பொருள்படும், கணக்குக்கு ஒவ்வாத தலைப்பை பெக் இட்டிருந்தார்; தமிழ்த் தலைப்பில் மறைந்து நின்றவளை வெளிப்படையாக எண்ணிச் சேர்த்துக்கொண்டது அந்தத் தலைப்புதான்.

படுகளத்தில், அதாவது போரில் வீழ்ந்தவர்கள் கிடக்கும் களத்தில், தங்காள் அண்ணன்மாரைத் தேடிச் சென்று எழுப்பும் இடமே கதையின் உச்சம். கொங்கு வழக்கில் தங்கை அண்ணனைப் பெயர் சொல்லி விளிப்பதில்லை. கேட்போர் கண்கலங்குவது ‘அண்ணா’ என்ற விளிக்கே. அதே இடத்தை ஆங்கிலத்தில் எழுதுபவர், இருவரில் யாரை அவள் அழைக்கிறாள் என்று காட்ட, அவள் வாய் ஒருபோதும் சொல்லாத பெயரை அங்கே எழுத வேண்டியிருக்கிறது.