குடும்ப உதவித்தொகையும் குழந்தை வறுமையும்: கராடியை முன்வைத்து

புனே நகரின் கிழக்கே, முளா-முட்டா ஆற்றங்கரையில் வேளாண் சிற்றூராயிருந்த கராடி, இன்று தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் மலிந்த பகுதி. அவ்வளாகங்களை எழுப்ப வெளியூர்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளை வைத்தே அரசின் குடும்ப உதவிகளை அளந்தறிதல் தகும்.

மகாராட்டிர அரசு 2024 சூலையில் தொடங்கிய 'மாஜீ லாட்கீ பஹீண்' திட்டம், ஆண்டு வருவாய் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1500 ரூபாய் வழங்க வகைசெய்தது. அவர்களைச் சார்ந்த குழந்தைகளின் ஊட்டநலமும் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயின் வாழிடச் சான்றோ, 15 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடும்ப அட்டை போன்ற ஆவணமோ வேண்டப்பட்டது. 2023 செப்டம்பரில் தமிழகம் தொடங்கிய 1000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையும் அம்மாநிலக் குடும்ப அட்டையையே அடிப்படையாகக் கொண்டது. பிழைப்புக்காக மாநிலம் கடந்த தாய் இத்தகு வரையறைகளுக்கு வெளியே நிற்கிறாள். அவள் குழந்தையும் அவ்வாறே.

உணவுவழி உதவியின் வரலாறு வேறு. 1982 சூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும், பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணையும் குழந்தையை நேரே நோக்கின. பள்ளியிற் பயில்வதே தகுதியாயிற்று. பெற்றோர் எவ்வூரார் என்னும் வினா ஆங்கு எழவில்லை. எனினும் ஒரு கட்டடம் முடிந்து குடும்பம் மற்றோரிடத்திற்குப் பெயர்ந்து பள்ளி விடுபடும்போது, அவ்வுணவும் நின்றுவிடுகிறது.